மலையகம் கேட்ட பாட்டு – 14: தட்டு கொழும்பில், காது மலையில்

திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் ஒலிபெருக்கி வந்து சேர்ந்த கதையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். அந்த ஒலிபெருக்கிக்குப் பின்னால் சுழன்ற இசைத்தட்டைப் பற்றி இப்போது பேசியாக வேண்டும். உலகம் முழுக்க அதற்கு மறுபடியும் ஒரு மவுசு பிறந்திருக்கிறது. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு ஏறத்தாழ 4 கோடியே 10 இலட்சம் வினைல் தட்டுகள் விற்றன. அதே ஆண்டு விற்ற இறுவட்டுகள் 3 கோடியே 30 இலட்சம்தான். 1987க்குப் பிறகு எண்ணிக்கையில் தட்டு இறுவட்டை முந்தியது அப்போதுதான். கணினிக் கோப்பாகவும் கைத்தொலைபேசிச் செயலியாகவும் பாட்டு கிடைக்கிற காலத்தில் எதற்கு இந்தப் பாரமான பண்டம் என்று கேட்டால், ரசிகர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள். பாட்டு நம் கையில் இருக்கிறது, நாளைக்கு யாரும் பிடுங்கிக்கொள்ள முடியாது என்பது ஒன்று. தட்டின் ஓசைக்கு நிகர் இல்லை என்பது மற்றொன்று. இரண்டுமே அலமாரி உள்ளவர் சொல்லக்கூடிய காரணங்கள். நல்லதண்ணியிலும் மஸ்கெலியாவிலும் சாமிமலையிலும் அதே பாட்டுகளை உயிராக நேசித்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தட்டுகளைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. தட்டு எப்போதும் வேறொருவர் பொறுப்பில் இருந்தது; இவர்களிடம் இருந்தது காதும் ஞாபகமும்தான். ஆகவே தட்டா கோப்பா என்ற வழக்கை மலையகத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் தீர்ப்பு வேறு மாதிரி வரும் என்பது என் வாதம். உடைமை, ஓசை இரண்டையும்விட, பாட்டைக் காத்து வைத்துப் பெயர் சொல்லி எல்லோருக்கும் போட்ட ஓர் ஏற்பாடுதான் இங்கே முக்கியமாக இருந்தது. காலம் மாறியபோது கைநழுவிப் போனதும் அதுதான்.

முதலில் வந்த தட்டு வினைல் அல்ல, அரக்கு. நிமிடத்துக்கு 78 சுற்று, 10 அங்குல அகலம், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். சாவியைச் சுற்றி வில்லை முறுக்கினால் ஓடும் பெட்டிக்கு மின்சாரம் வேண்டியதில்லை. இரும்பு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் மழுங்கிய முனை பள்ளத்தைச் சுரண்டிவிடும். பாட்டு நீளமென்றால் பாதியில் நிறுத்தி, தட்டைப் புரட்டி, வேறு ஊசி போட்டு மீதியைக் கேட்க வேண்டும். கை தவறினால் ஓடுபோல் உடைந்துவிடும். இத்தனை சிரமத்துக்கும் ஈடாகத் தட்டு ஒன்றைத் தவறாமல் செய்தது: யார் பாடியது, எந்தப் படம் அல்லது நாடகம், என்ன எண் என்று நடுவிலிருந்த வட்டச் சீட்டில் அச்சடித்து வைத்தது. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் பாடகி கவுஹர் ஜானைப் பதிவுசெய்தபோது, பாடி முடித்ததும் அவர் தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. மூலப் பதிவு ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய் அங்கேதான் தட்டாகும்; அங்குள்ளவர்கள் சரியான சீட்டை ஒட்டுவதற்கு அந்தக் குரலே அடையாளம். பாட்டோடு பெயரும் பயணம் செய்ய வேண்டும் என்ற வழக்கம் அவ்வளவு பழையது. இந்தப் பகுதியின் பிற்பாதியில் அது நமக்குத் தேவைப்படும்.

சாவி கொடுத்து ஓட்டும் பெட்டி மின்சாரமில்லாத தோட்டத்துக்குப் பொருத்தமான கருவிதான். ஆனால் விலை பொருந்தவில்லை. துரை பங்களாவில் இருந்திருக்கும், பெரிய கங்காணி வீட்டில், ஹட்டன் பட்டணத்துக் கடையில் இருந்திருக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் காம்பராவில் நாட்சம்பளக்காரர் வாங்கி வைக்கிற பொருளாக அது ஒருநாளும் இருக்கவில்லை. 1948இல் அமெரிக்காவில் நீண்ட நேரம் ஓடும் வினைல் தட்டு அறிமுகமானது, அடுத்த ஆண்டு 45 சுற்றுத் தட்டும் வந்தது. இந்த இரண்டையும் ஓட்ட நடைமுறையில் மின்சாரப் பெட்டி வேண்டும். இந்தியாவில் 78 சுற்றுத் தட்டு மற்ற நாடுகளைவிட நெடுங்காலம் தாக்குப்பிடித்ததற்கு இது ஒரு காரணம். பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகள்கூட அங்கே 78 சுற்றில் அச்சாகின. மலையகத்தின் நிலைமையோ விசித்திரமானது. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே முன்வைத்த நீர்மின் யோசனை பலித்து, 1950இல் லக்சபான நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கம், 1969இல் மவுசாகலை. பழைய மஸ்கெலியா பட்டணமே கோவில், பள்ளிவாசல், விகாரை எல்லாவற்றோடும் தண்ணீருக்குள் போனது. இந்த மலைத் தண்ணீர் கொழும்புக்கு வெளிச்சம் கொடுத்தது, வானொலி நிலையத்துக்கும் கொடுத்தது. தண்ணீருக்குப் பக்கத்திலிருந்த லயன்களில் பலவற்றுக்கு 1980கள், 90கள் வரை மண்ணெண்ணெய் விளக்குத்தான். வினைல் ஏன் லயனுக்கு வரவில்லை என்பதற்கு ரசனையில் காரணம் தேட வேண்டியதில்லை, மின்கம்பி எங்கே நின்றது என்று பார்த்தால் போதும்.

ஆனாலும் அந்தத் தட்டுகளில் இருந்த பாட்டுகள் லயனுக்கு வந்தன. வந்த வழி வானொலி. இலங்கையில் வானொலி பிறந்ததே தட்டோடுதான். எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் திணைக்களப் பொறியியலாளர் 1920களின் தொடக்கத்தில், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டு ஒலிபரப்பி அமைத்து, கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையிலிருந்து பரிசோதனையாக அனுப்பியது கிராமபோன் இசையை. 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. போர்க்காலத்தில் தென்கிழக்காசியப் படைகளுக்காக நிறுவப்பட்ட சக்திவாய்ந்த ஒலிபரப்பிகள் போருக்குப் பின் இலங்கை அரசின் கைக்கு வந்தன. 1949இல் அது ரேடியோ சிலோன் ஆனது. 1950இல் வர்த்தக சேவை பிறந்தது. இரண்டே ஆண்டில் இந்தியத் தகவல்துறை அமைச்சர் கேஸ்கர் திரைப்பாடலை அகில இந்திய வானொலியில் ஓரங்கட்ட, அந்தப் பாட்டுகளுக்கெல்லாம் கொழும்பு டொரிங்டன் சதுக்கத்திலிருந்த ரேடியோ சிலோனே புகலிடமானது. 1957இல் விவித் பாரதி தொடங்கும்வரை இந்தியா தன் சொந்தப் பாட்டைக் கடல் கடந்து கேட்டது. இதன் பக்க விளைவுதான் நமக்கு முக்கியம்: கொழும்பில் ஒரு பெரிய தட்டுக் களஞ்சியம் சேர்ந்தது. இந்தியாவிலேயே கிடைக்காத பழைய இந்திப் படப்பாடல் தட்டுகள் அங்கே இருப்பதை வட இந்திய ரசிகர்கள் இன்றும் பொறாமையோடு சொல்வார்கள். தமிழ்த் தட்டுகளும் அப்படித்தான் சேர்ந்தன.

டிரான்சிஸ்டர் வந்து, பற்றரியில் ஓடும் ரேடியோ கையில் தூக்கிப் போகிற பொருளானதும், ஆண்டுக்கொரு முறை லைசென்ஸ் கட்ட வேண்டியிருந்தும்கூட, லயன் வரிசையில் அங்குமிங்குமாக ரேடியோ பாடத் தொடங்கியது. ஒரு காம்பராவில் பாடினால் அடுத்த நாலு காம்பராவும் கேட்கும், சுவர் அப்படி. எஸ்.பி. மயில்வாகனம், பி.எச். அப்துல் ஹமீத், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம் என்று அறிவிப்பாளர்களின் குரல்கள் வீட்டு மனிதர்களின் குரல்களாயின. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ நிகழ்ச்சி. விடியமுன்பே பிரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) போன பெண்கள் அதைத் தவறவிட்டிருப்பார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மலையகத்தின் வானொலி நேரம் அந்தியும் ஞாயிற்றுக்கிழமையும்தான். தபால் அட்டையில் பாட்டின் பெயரும் கேட்போர் பெயர்களும் எழுதி அனுப்புவார்கள். அட்டை தோட்டத்து ஆபீஸ் வழியாகப் போகும்; வாரக்கணக்கில் காத்திருந்தால் ஒருநாள் தோட்டத்தின் பெயரோடு அந்தப் பெயர்கள் காற்றில் வரும். இதை வெறும் சிறுபிள்ளைச் சந்தோஷமாகப் பார்ப்பவர்கள் காலத்தை மறந்துவிடுகிறார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்கள் இவர்கள். வாக்காளர் பட்டியலில் வராத பெயரை, தோட்ட முகவரியோடு, அரசாங்க வானொலி ஊரறிய வாசித்தது. மலையகத்துக்கும் பாட்டுக்கும் நடுவில் உண்டான ஒட்டுறவில் இதற்கு ஒரு பங்கு உண்டு என்பது என் கணிப்பு. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தபோது, தலைமன்னாரில் கப்பலேறியவர்களின் மூட்டைகளில் தட்டுகளுக்கு இடமிருந்திருக்காது. ஆனால் நீலகிரியில் அவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில், கோத்தகிரியிலும் கூடலூரிலும், அதே கொழும்பு நிலையத்தை அவர்களால் திருப்பிப் பிடிக்க முடிந்தது. கையில் எடுத்துப்போக ஒன்றுமில்லாதவர்களுக்கு, அலையில் வந்த பாட்டு மட்டும் எல்லை தாண்டியும் பழைய இடத்திலிருந்தே கேட்டது.

இந்த இடத்தில் ஓசைப் பிரியர் குறுக்கிடுவார். வினைலின் மகிமையே அதன் ஒலி. கோப்பில் இசை நசுக்கப்பட்டு வருகிறது. நீங்கள் அதைப் பற்றிப் பேசவேயில்லையே என்பார். பேசுவோம். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கக்கூடியது. மத்திய அலை வானொலி கொண்டுவந்தது ஏறத்தாழ 5,000 வரைதான். அதற்குமேல் உள்ள கஞ்சிரா ஜதியின் கூர்மையும் வயலின் நரம்பின் மினுமினுப்பும் மலையேறுவதற்கு முன்பே உதிர்ந்துவிடும். மழைக்காலத்தில் இடியின் கரகரப்பு வேறு. டி.எம். சௌந்தரராஜனையும் பி. சுசீலாவையும் இந்த மக்கள் அரைகுறை ஒலியில் கேட்டுத்தான் நேசித்தார்கள். அளவைப் பார்த்தால் இறுவட்டின் ஒலி வீச்சு ஏறத்தாழ 96 டெசிபெல். நல்ல வினைல் தட்டுக்கு 70 எட்டினால் பெரிய விசயம். தட்டின் ஒலி சிலருக்கு இனிமையாகப் படலாம், அது அவரவர் காது. ஆனால் ஒரு சமூகத்தின் பற்றை விளக்க ஒலித்தரம் உதவாது. உதவுமென்றால், மிக மோசமான ஒலியைக் கேட்ட மலையகத்தின் பற்று மிகக் குறைந்ததாக இருந்திருக்க வேண்டும்.

இன்னும் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு. தட்டு உங்களிடம் இருக்கவில்லை, எங்கோ இருந்த தட்டிலிருந்து பாட்டு உங்களுக்கு ஓடி வந்தது. இன்றைய செயலிகள் செய்வதும் அதுதானே? ஸ்பொட்டிபை 2021இல் இலங்கைக்கு வந்துவிட்டது, யூடியூப் அதற்கும் முன்பே வந்தது. மறே தோட்டத்துப் பிள்ளை பத்து விநாடியில் 1950களின் பாட்டொன்றை எடுத்துக் கேட்கலாம், வாரக்கணக்கில் தபால் அட்டைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அப்படியானால் எதற்கு இந்தப் புலம்பல்? இந்த ஆட்சேபத்தின் முதல் பாதி முழுக்க உண்மை. மலையகத்துக்கு இசை என்றைக்குமே ஓடிவந்த இசைதான். அந்த வகையில் மற்றவர்களுக்கு நேற்று வந்த வாழ்க்கை நமக்கு எழுபது ஆண்டுப் பழக்கம். ஆகவே செயலியில் கேட்பவரைப் பார்த்து இது இரவல் இசை என்று வினைல்காரர் சிரிக்கும்போது மலையகம் சேர்ந்து சிரிக்கத் தேவையில்லை. வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. வானொலியின் ஓட்டத்துக்குப் பின்னால் ஒரு பொது நிறுவனமும் ஒரு களஞ்சியமும் இருந்தன. பாட்டுக்கு முன்னால் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று சொல்வது அறிவிப்பாளரின் தொழில் ஒழுக்கமாக இருந்தது; பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கிழவர்களுக்குக் கூட மருதகாசிக்கும் கண்ணதாசனுக்கும் வித்தியாசம் தெரிந்திருந்தது இப்படித்தான். தட்டின் நடுவிலிருந்த வட்டச் சீட்டை அறிவிப்பாளர் வாயால் வாசித்தார் என்று சொல்லலாம். இன்று பஸ்ஸில் பாடும் பென் டிரைவில் அறுநூறு பாட்டு இருக்கும், அதில் பாதிக்கு மேல் வெறும் எண்ணும் இணையத்தளப் பெயரும்தான். செயலிகளிலும் நடிகர் படத்தைப் போட்டுவிட்டுப் பாடலாசிரியரைத் தேட விடுகிறார்கள்.

பாதுகாப்பிலும் இதே கதைதான். 2023 மார்ச்சில் இந்திய இசை நிறுவனமான ஸீ மியூசிக்குக்கும் ஸ்பொட்டிபைக்கும் பேரம் முறிந்தபோது, ஏராளமான இந்திப் பாட்டுகள் இரவோடிரவாகக் கேட்போரின் பட்டியல்களிலிருந்து காணாமற்போயின. 2019இல் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம், தன்னிடம் 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாட்டுகள் ஏறத்தாழ 5 கோடி, சேவையகம் மாற்றும்போது அழிந்துவிட்டன என்று அறிவித்தது. கோப்பு அழியாது என்ற நம்பிக்கைக்கு எதிராக இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் இதைக் காட்டித் தட்டுக்காரர் வெற்றி கொண்டாடவும் முடியாது. 2008 ஜூன் 1இல் ஹொலிவுட்டில் யுனிவர்சல் நிறுவனத்தின் சேமிப்பகம் எரிந்தபோது போனவை மூலப்பதிவு நாடாக்கள், கைக்குள் அடங்கிய கனமான பண்டங்கள். தமிழருக்கோ இதை விளக்க ஹொலிவுட் வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த 97,000 நூல்களில் பலவற்றுக்கு இரண்டாம் பிரதி கிடையாது. ஓரிடத்தில் மட்டும் இருக்கும் பொருள், அரக்கோ வினைலோ காகிதமோ, ஒரு தீக்குச்சி தூரத்தில்தான் இருக்கிறது. எண்முறைப் பிரதி அந்தக் குறையைத் தீர்க்கக்கூடியது, நூறு இடத்தில் நூறு பிரதி வைக்கலாம். பொறுப்பேற்று வைப்பவர் இருந்தால் கோப்பும் நிலைக்கும். இல்லாவிட்டால் தட்டும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

தட்டைப் பற்றிய ஏக்கத்தில் மலையகம் மறந்துவிடக் கூடாத இன்னொரு கணக்கு உண்டு, எனக்கு இதுவே பெரிய கணக்காகப் படுகிறது. தட்டு எல்லோரையும் பாட விடவில்லை. எந்தக் குரல் பள்ளத்தில் ஏற வேண்டும் என்பதைச் சென்னையிலும் கல்கத்தாவிலும் இருந்த கம்பனிகள் தீர்மானித்தன. நாடக மேடையின் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் ஏறினார்கள், பின்னால் இலங்கையிலேயே ஏ.ஈ. மனோகரன் போன்ற பொப்பிசைக்காரர்கள் ஏறினார்கள். தோட்டத்தின் காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் தப்படியும், கொழுந்து மலையில் பிறந்த பாட்டும், தாலாட்டும் ஒப்பாரியும் வணிகத் தட்டில் ஏறவில்லை என்றே சொல்லிவிடலாம். அவற்றுக்கு விற்பனை இல்லை என்று கம்பனி நினைத்திருக்கும். வாங்கக் காசில்லாதவர்களின் பாட்டுக்கு விற்பனை எப்படி வரும்? தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் துயரைப் பாட்டாக்கித் தோட்டம் தோட்டமாகப் பாடினார். 1940இல் அவை சிறு நூலாக வந்தன, அந்தக் குரல் நமக்குக் கிடைக்கவில்லை. வட்டக்கொடை மடகொம்பரையில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை பல ஆண்டுகள் சேகரித்த பாட்டுகள் 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று அச்சாயின. அவர் இல்லாவிட்டால் சொற்களும் போயிருக்கும். மெட்டு எங்கே, தப்பின் அடி எங்கே என்று அந்தப் புத்தகத்திடம் கேட்க முடியாது. இன்றோ மாசி மாதக் காமன் கூத்தை நாலு பேர் கைத்தொலைபேசியில் பிடித்து அன்றிரவே இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். நூறாண்டாகத் தட்டு செய்யாததை மலிவான ஒரு போன் செய்கிறது. வினைலின் மேன்மையைப் பேசும் ஒருவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசுவது நல்லது.

பழைய நிறுவனங்களுக்கே இந்த உண்மை ஓரளவு தெரிந்திருக்கிறது. நாய்ச் சின்னத் தட்டுகளை விற்ற இந்தியக் கிராமபோன் கம்பனிதான் இன்றைய சரிகம. 2017இல் அது தன் பழைய பாட்டுகளைப் புதிதாக விற்க வந்தபோது தட்டுப் பெட்டியை நம்பி இறங்கவில்லை. பழைய ரேடியோ வடிவில் ஒரு கருவி செய்து, அதற்குள் 5,000 பாட்டுகளை அடைத்து, ‘கார்வான்’ என்று பெயரிட்டது. தமிழ்ப் பாட்டுகளோடும் அது வந்தது, நன்றாகவே விற்றது. திருகைத் திருப்பினால் பாட்டு வரும், அடுத்தது என்ன என்று கேட்பவர் யோசிக்க வேண்டாம். கோடிக்கணக்கானோரின் ஞாபகத்தில் பாட்டு எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்பதை அந்த வியாபாரி சரியாகக் கணித்திருக்கிறார். கார்வான் கொடுக்காதது தோட்டத்தின் பெயரை வாசிக்கும் குரலை. அதை விலைக்கு விற்க முடியாது.

ஆக, மலையகத்தின் பக்கத்திலிருந்து செய்ய வேண்டியவை தட்டு வாங்கும் வேலையைவிடச் சாதாரணமானவை. கொழும்புக் களஞ்சியத்துத் தமிழ்த் தட்டுகள், வட்டச் சீட்டின் ஒவ்வொரு எழுத்தோடும், எண்முறையில் படியெடுக்கப்பட்டுப் பல நூலகங்களுக்குப் போக வேண்டும். அசல் தட்டும் பத்திரமாக இருக்க வேண்டும், நாளை இதைவிட நல்ல கருவியால் மறுபடி படியெடுக்க. இணையத்தில் ஏறுகிற கூத்துப் பதிவுகளில் எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, தப்படித்தவர் யார், ரதியாக ஆடியவர் யார் என்ற விபரத்தைப் பதிவு செய்பவரே எழுதிவிட்டால் இன்னொரு வேலுப்பிள்ளைக்காகக் காத்திருக்க வேண்டாம். 1977இல் இறக்குமதிக் கதவு திறந்தபின் யப்பானிய ரேடியோ கசட் லயனுக்குள் வந்ததும், மத்திய கிழக்குக்குப் போன பெண்கள் குரலைக் கசட்டில் பதிந்து வீட்டுக்கு அனுப்பியதும் அடுத்த பகுதியில்.